படம் விக்குது

உங்கள் கம்ப்யூட்டரில் வீடியோ திக்குவதற்குக் காரணம் இணைய இணைப்பு இல்லை, மேடம். போன முறை பேச்சுப் பயிற்சிக்கு வந்தபோது அம்மாவுக்கு உதடு அசைக்கும் பயிற்சி வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினீர்கள். அதில் வரும் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். குரல் மட்டும் முன்னால் போனது. பிறகு வாய் ஓடிப்போய்க் குரலைப் பிடித்தது. "நெட்டு சரியில்ல" என்று சொல்லி மூடிவிட்டீர்கள். நெட் சரியாகத்தான் இருந்தது. இணைப்பு மோசமென்றால் படம் நின்று நடுவில் ஒரு வட்டம் சுற்றும். உங்களுக்கு வட்டம் வரவில்லை, படம் வெட்டி வெட்டி ஓடியது. அது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கோளாறு. பிரவுசரின் அமைப்புகளுக்குள் போனால் வன்பொருள் முடுக்கம் என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட்டு, பிரவுசரை ஒரு முறை மூடித் திறங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சொல்லுங்கள். எனக்குப் பிழைப்பே அதுதான்.

அந்த வீடியோ திக்கியபோது அம்மா எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று கேட்டீர்கள். இன்னொன்றும் சொன்னீர்கள். "திக்குறவங்களுக்குச் சொல்லோட ஆரம்பத்துலதாம்மா திக்கும். உங்கம்மாவுக்கு முடிவுல திக்குது. நான் இப்படிப் பார்த்ததே இல்ல. வீட்டுல என்ன நடந்துச்சு, யோசிச்சு எழுதி அனுப்பு" என்றீர்கள்.

யோசிக்க ஒன்றுமில்லை. எழுதத்தான் வேண்டும்.

நான் வேலை பார்ப்பது வீடியோ தளம் ஒன்றின் உதவிப் பிரிவில். வீட்டிலிருந்தே வேலை. படம் நின்று நின்று ஓடுகிறது, கறுப்பாகிப் போகிறது, சத்தம் மட்டும் வருகிறது என்று மக்கள் அழைப்பார்கள். அவர்களை ஒவ்வொரு படியாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோலக் கூட்டிப்போக வேண்டும். அவர்கள் கத்தலாம், நாம் கத்தக் கூடாது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். கம்ப்யூட்டர் பொறியியல் படித்தேன். அந்தப் படிப்புக்குக் கிடைத்தது இந்த ஹெட்செட். அத்தைக்கு அதுவே பெருமை. "எங்கண்ணன் பொண்ணு கம்ப்யூட்டருக்கே வைத்தியம் பாக்குறா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் ஒரு கம்ப்யூட்டரையும் தொட்டதில்லை. பேசிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்பா பஸ் ஓட்டியவர். ஒரு காலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது விழுந்தார். வலது பக்கம் போயிற்று. பேச்சும் கூடவே போயிற்று. காலமெல்லாம் ஹாரன் அடித்தே பழகியவர் என்பதால் இடது கையில் டம்ளரை எடுத்துக்கொண்டார். கட்டிலின் இரும்புக் கம்பியில் அதை வைத்துத் தட்டுவார். தண்ணீருக்குத் தட்டுவார். புரண்டு படுக்கத் தட்டுவார். ஜன்னலைத் திறக்கவும் அதையே மூடவும் தட்டுவார். சும்மாவும் தட்டுவார். எந்தத் தட்டு எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கு எல்லாம் ஒரே தட்டுதான். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சுவர். என் மேசை அந்தச் சுவரை ஒட்டி இருந்தது. "ஏம்மா, வீட்டுல பட்டறை வச்சிருக்கீங்களா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார், அழைப்பு முடிந்ததும் எனக்குப் போடும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போனார். என் மேலாளர் சிரிக்காமல் கேட்டார்.

அப்பாவைப் பற்றி நல்லதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் ஒருபக்கமாகப் போய்விடும். "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற" என்று கேட்டவர்தான். ஆனால் பட்டமளிப்பு நாளன்று வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, என்னைக் கூப்பிடும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். முந்தைய இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டு நேராக வந்தவர், சீருடையைக்கூட மாற்றவில்லை. அன்றைக்கு எனக்கு அது தெரியும். தெரிந்தும் மாதக்கணக்கில் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும், மெதுவாகத்தான் போகும்.

அண்ணன் வேறு ஊரில் இருக்கிறான். அப்பா விழுந்த பிறகு ஒரு முறை வந்தான். கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு கேமராவை மாட்டினான். எந்த ஊரிலிருந்தும் பிரவுசரைத் திறந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குச் செய்து காட்டினான். பிறகு கிளம்பிப் போனான். பிள்ளைக் கடன் சுவரில் தொங்கியது.

அவன் பார்த்தானோ இல்லையோ, அம்மா பார்த்தாள். அம்மா ஒரு துணிக்கடையில் உட்கார்ந்து தைக்கிறவள். வாங்கிய துணியைச் சுருக்கிக் கொடுப்பது, கை மடித்துக் கொடுப்பது அவள் வேலை. அவளுடைய போனில் பேச மட்டும்தான் முடியும். கல்லாக்காரர் இரக்கப்பட்டு, பில் போடும் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அம்மா தையல் இயந்திரத்தைத் திரை தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டாள். "என்னக்கா, உங்க வீட்டுப் படம் ஓடுதா? ஹீரோ இன்னைக்காவது எழுந்திரிக்கிறாரா?" என்று அவர் கேட்பாராம். "ஹீரோ படுத்துக்கிட்டே நடிக்கிறாரு தம்பி" என்பாளாம் இவள். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பாள். அப்பாவும் வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பார்.

அந்தக் கம்ப்யூட்டர் அரதப் பழசு. படம் திக்கத்தான் செய்யும். முதல் முறை திக்கியபோது அம்மா எனக்கு போன் போட்டாள். "படம் விக்குதுடி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சோறு அடைத்தால் விக்கும், தண்ணீர் குடித்தால் நிற்கும், இதற்கு எங்கே தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வீடியோ திக்கவில்லை, விக்கியது. வேலையில்கூட என் வாயில் அந்தச் சொல் வந்துவிடும். "உங்க படம் விக்குதா சார்?" என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். அவருக்குப் புரிந்தது.

சரிசெய்யும் வழியை அம்மாவுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவள் எல்லாவற்றுக்கும் தையல்காரியின் பெயர் வைத்தாள். மேலே வரிசையாகத் திறந்து கிடக்கும் பக்கங்கள் மடிப்பு. தேங்கிப்போன பழைய தரவு வெட்டுத்துணி. முதலில் சுற்றும் அம்பை அமுக்க வேண்டும். பிறகு தேவையில்லாத மடிப்புகளை மூட வேண்டும். பிறகு வெட்டுத்துணியைக் கூட்டித் தள்ள வேண்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால் அமைப்புகளுக்குள் போய் வன்பொருள் முடுக்கத்தை அணைக்க வேண்டும். அது என்ன என்று கேட்டாள். பிரவுசருக்குப் படம் காட்ட ஒத்தாசை செய்கிற ஒரு சில்லு, பழைய கம்ப்யூட்டரில் அந்த ஒத்தாசையே உபத்திரவம் ஆகிவிடும் என்றேன். "ஒத்தாசை பண்றவனை நிறுத்துனா வேலை நல்லா நடக்குமா? நல்ல நியாயம்டி" என்றாள். ஆனால் செய்தாள். நான் சொன்னால் எதையும் செய்வாள். படம் பார்க்க ஆரம்பித்த புதிதில் கல்லாக்காரர் ஏதோ ஒரு வழி சொல்லப்போக, "எம் பொண்ணு வேற மாதிரி சொல்லியிருக்கா" என்று அவர் கையைத் தட்டிவிட்டிருக்கிறாள். படித்த மகள் என்றால் அவளுக்கு அப்படி.

அப்பாவுக்கு விழுங்கும் தசை சரியாக வேலை செய்யவில்லை. உங்களைப் போன்ற ஒருவர்தான் மருத்துவமனையில் சொன்னார். எல்லாவற்றையும் குழைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக, உட்கார வைத்து, பக்கத்தில் ஆள் இருந்து கொடுக்க வேண்டும். காய்ந்தது எதுவும் கூடாது. தனியாக எதுவும் கூடாது. அவர் எங்கள் இருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். திருப்பிச் சொன்னோம். அம்மா காலையில் ஊட்டிவிட்டுக் கடைக்குப் போவாள். மதியம் நான் ஊட்ட வேண்டும்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. உண்மையான வேலை. வேறு நகரத்தில், வீடியோவைச் சிறு சிறு துண்டாக்கி அனுப்பும் நிரலை எழுதுகிற குழுவில். திக்குவதற்குச் சமாதானம் சொல்வது இல்லை, திக்காமல் செய்வது. நான் படித்தது அதற்குத்தான். அம்மாவிடம் சொன்னபோது ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "உங்கப்பா இருக்கற வரைக்கும் எப்படிடி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுடைய இடுப்பு அப்போதே வளைந்துபோயிருந்தது. அப்பாவை ஒருத்தியாகப் புரட்ட அவளால் முடியாது. அதைத்தான் சொன்னாள்.

நான் அந்த வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். இருக்கற வரைக்கும்.

அந்த நாள் நடந்ததை எல்லோரிடமும் நான் சொன்னபடி முதலில் எழுதுகிறேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் அழைப்பில் இருந்தேன். அன்றைக்கு நிறைய அழைப்புகள், ஏதோ ஒரு விளையாட்டுப் போட்டி, எல்லோருடைய படமும் திக்கிக்கொண்டிருந்தது. அம்மா போன் செய்தாள். "விக்குதுடி" என்றாள். வழக்கம்போலப் படத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வழக்கமான வழியைச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். கடைசியில் பிரவுசரை மூடித் திறந்தபோது படம் சரியாகிவிட்டது, அப்பா அசையவில்லை. விக்கியது படமில்லை, அப்பா. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்ததால் வந்த வினை.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது. டாக்டர், "இந்த மாதிரி பேஷன்ட்டுக்கு இது சகஜம்மா" என்றார். அண்ணன் போனில் அழுதான். அத்தை அழவில்லை. அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, "நாக்கு இருக்குல்ல? புருஷன் விக்குறாருன்னு சொல்லத் தெரியாதா உனக்கு? ஒத்தைச் சொல்லுல எங்கண்ணனக் கொன்னுட்டியே" என்றார். நானும் அங்கேதான் நின்றேன்.

இனி எழுதுவது யாரிடமும் சொல்லாதது.

அன்று அந்தப் புது வேலைக்குக் கடைசி பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். முடிவு செய்த பிறகு மனசு அமைதியாக இருந்தது என்றுதான் நினைத்தேன். மதியம் குழைத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா வாயைத் திறக்கவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பினார். டம்ளரால் அலமாரிப் பக்கம் காட்டினார். அங்கே எனக்காக வாங்கி வைத்த பிரெட் இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். தட்டினார். மறுபடியும் ஊட்டப் பார்த்தேன். கிண்ணத்தை இடது கையால் தள்ளினார், என் சட்டை முழுக்கக் கொட்டியது. நான் கத்தவில்லை. குரல் உயரக் கூடாது என்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

பிரெட்டை எடுத்து அவர் மடியில் இருந்த தட்டில் வைத்தேன். கேட்டதைக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். அதைச் சொல்லாமலும் விடலாம், ஆனால் நீங்கள் எழுதச் சொன்னீர்கள். அவர் சந்தோஷப்பட்டார். அவருக்கு அது நான் பட்ட இரக்கமாகத் தெரிந்திருக்கும். சட்டையை மாற்றிக்கொண்டு என் அறைக்குப் போனேன். நடுக் கதவைச் சாத்தினேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

அதுவரைக்கும் அது கோபம்தான். மகள்கள் கோபத்தில் செய்வது இதைவிட மோசமாகவும் இருக்கும். ஒரு துண்டு பிரெட்டை மனிதர்கள் விழுங்கியும் விடுவார்கள்.

கொஞ்ச நேரத்தில் டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. எனக்கு எல்லாத் தட்டும் ஒன்றுதான் என்று சொன்னேன். அந்தத் தட்டு ஒன்றாக இல்லை. தண்ணீர் கேட்கும்போது அப்படித் தட்டமாட்டார். விடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக, கம்பியில் மட்டுமில்லாமல் சுவரிலும் படும்படி தட்டினார். என் மேசை அதிர்ந்தது. நான் அழைப்பில் இருந்த மனிதரிடம், "உங்க பிரவுசரை ஒரு தடவை மூடித் திறங்க சார், நான் காத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அம்மாவின் போன் வந்தது. ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டு எடுத்தேன்.

அம்மா "விக்குது" என்று சொல்லவில்லை.

அம்மா அப்பாவை வாழ்நாளில் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை, மேடம். அடி வாங்கிய நாளிலும் "அடிச்சாரு" என்றுதான் சொல்வாள். எரிச்சல் வந்தால்கூட, "செத்தும் தொலைய மாட்டேங்கறாரு" என்பாள், அந்த 'றாரு' போகாது. அவள் நாக்கு அப்படிப் பழகியது. தூக்கத்தில் எழுப்பினாலும் மனிதருக்கும் படத்துக்கும் ஒரே முடிவைப் போட அவளுக்கு வராது. அன்றைக்கு அவள் சொன்னது, "விக்குறாருடி. உங்கப்பா விக்குறாரு. ஓடு."

சொல்லின் கடைசியில் இருந்த அந்தத் துண்டு எனக்குத் தெளிவாகக் கேட்டது. இணைப்பு நன்றாக இருந்தது.

நான் சொன்னேன், "இல்லம்மா, படம்தான் விக்குது."

"இல்லடி, கையெல்லாம் உதறுது, கண்ணு..."

"அம்மா, படம் வெட்டி வெட்டி ஓடுனா அப்படித்தான் தெரியும். கை உதறுற மாதிரி இருக்கும். இப்பத்தான் அப்பாவைப் பார்த்துட்டு வந்தேன், நல்லா இருக்காரு. பதறாத. சுத்துற அம்பை அமுக்கு."

அவள் அமுக்கினாள். அங்கே கல்லாக்காரர் ஏதோ கேட்பதும், "படம்தானாம் தம்பி, எம் பொண்ணு சொல்றா" என்று இவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வதும் கேட்டது. கெட்டதை நம்பச் சொன்னால் யோசிக்கலாம். நல்லதை நம்பச் சொன்னேன். எந்த மனைவியும் நம்புவாள்.

"இன்னும் அப்படியே இருக்குடி. நீ ஒரு எட்டு போய்ப் பாரேன்."

"போறேன்மா. நீ அதுக்குள்ள மத்த மடிப்பெல்லாம் மூடு."

போகவில்லை. ஒரு கதவு. எழுந்து நடந்தால் அவள் ஒரு மடிப்பை மூடுவதற்குள் போயிருக்கலாம். மருத்துவமனையில் அந்தப் பெண்மணி, அடைத்துக்கொண்டால் எங்கே தட்ட வேண்டும், எப்படிக் குனிய வைக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுத்திருந்தார். அதையும் நான் திருப்பிச் சொல்லியிருந்தேன். உட்கார்ந்திருந்தேன். சுவர் அதிர்வது குறைந்தது. அடுத்தது வெட்டுத்துணியைத் தள்ளச் சொன்னேன். அம்மா தப்பான இடத்தை அமுக்கிவிட்டாள். நிதானமாகத் திருப்பிக் கூட்டிவந்தேன். அழகாகச் சொல்லிக்கொடுத்தேன். வேலையில்கூட யாருக்கும் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. பிறகு அமைப்புகள். பிறகு முடுக்கத்தை அணைப்பது. டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. அது நின்ற பிறகுதான் பிரவுசரை மூடித் திறக்கச் சொன்னேன். அந்த வரிசையை நான் மாற்றவில்லை. அது எப்போதும் கடைசிப் படிதான்.

அம்மா திறந்தாள். "இப்பப் படம் நல்லாத் தெரியுதுடி" என்றாள். உண்மையிலேயே அவள் குரலில் ஒரு நிம்மதி வந்தது. "விக்கல. நல்லா ஓடுது." அப்புறம், "அவரு அசைய..." என்றாள். அசையறாரு என்றோ அசையல என்றோ முடிக்க வேண்டும். முடிக்கவில்லை. அந்த இடத்தில்தான் முதல் தடவை நின்றது. நீங்கள் கேட்ட தொடக்கம் அது.

நான் காதில் இருந்த மனிதரிடம் இன்னொருவர் தொடர்ந்து உதவுவார் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். தட்டில் பிரெட் மிச்சம் இருந்தது. அதை எடுத்தேன். குழைத்த சாப்பாட்டுக் கிண்ணத்தை அந்த இடத்தில் வைத்தேன், கரண்டியையும். அவர் வாயைத் துடைத்துவிட்டேன். கேமரா எதிரே இருந்தது. ஆனால் அது எதையும் பதிந்து வைக்காது, அம்மாவும் அப்போது திரைக்கு முன்னால் இல்லை, தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தாள். செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டாள். இடுப்பு வளைந்த பெண் எப்படி அவ்வளவு தூரம் ஓடினாள் என்று அக்கம்பக்கத்தார் இன்றும் பேசுகிறார்கள்.

அவள் வந்து சேருவதற்கு முன்பே அத்தைக்கும் அண்ணனுக்கும் போன் செய்து முடித்திருந்தேன். அம்மா "விக்குது"ன்னு சொன்னா, நான் படம்னு நினைச்சிட்டேன் என்று சொன்னேன். முதலில் யார் சொல்கிறார்களோ அதுதான் நடந்தது என்று ஆகிவிடும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லோடுதான் வந்தார்கள். அம்மாவுக்குத் தன் வாயில் வந்தது என்ன என்று நினைத்துப் பார்க்க இடமே இருக்கவில்லை. அவளைச் சுற்றி நின்ற எல்லோர் வாயிலும் அது ஏற்கனவே இருந்தது.

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, ஒரு மதியம், அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அன்னிக்கு என்னடி சொன்னேன்? விக்குறாருன்னு சொன்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம். அத்தை சொல்றதப் பாத்தா... நீதான கேட்ட, நீ சொல்லு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் என்னை விசாரிக்கவில்லை. அப்படி ஒரு எண்ணமே அவளுக்கு இல்லை. கோளாறு எங்கே என்று தெரியாமல் போன் செய்கிற வாடிக்கையாளர் கேட்பதுபோலக் கேட்டாள். நான் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன், "விக்குதுன்னுதான்மா சொன்ன. பதட்டத்துல வந்துடுச்சு. உன் மேல தப்பில்ல."

உன் மேல் தப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அம்மா தலையாட்டினாள். "சொல்லியிருப்பேன்" என்றாள். திக்காமல் சொன்னாள். அதன்பிறகுதான் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் நிற்க ஆரம்பித்தாள். தண்ணி கொதிக்... பஸ்ஸு வந்... கல்லாக்காரர் கேட்... முடிவில் எதைப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தப்பாகப் போட்டால் யாராவது செத்துப்போவார்கள். தமிழில் எல்லாம் கடைசியில்தானே இருக்கிறது, மேடம். யார் செய்தது, நடந்ததா நடக்கவில்லையா, மனிதரா பொருளா, எல்லாவற்றையும் அந்த வாலில்தான் வைத்திருக்கிறோம். உதட்டுப் பயிற்சியால் இது சரியாகாது. உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளுங்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். அப்பா விக்கியபோது எனக்குத் தெரியும். விக்குவதற்கு முன்பும், அந்தப் பிரெட்டைத் தட்டில் வைத்தபோதே தெரியும் என்று நினைக்கிறேன். நான்தான் கொன்றேன். ஆனால் எனக்காக மட்டும் செய்ததாக நினைத்துவிடாதீர்கள். அம்மாவின் இடுப்பை நினைத்தும்தான். இப்போது அவள் யாரையும் புரட்ட வேண்டியதில்லை. மதியம் படுக்க முடிகிறது. அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். தான் சொன்னது சரியான சொல் என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள்.

அந்த வேலைக்கு அன்றைக்கே சரி என்று பதில் அனுப்பிவிட்டேன், அதில் சேருகிறேன். வரும் திங்கட்கிழமை கிளம்புகிறேன். அம்மாவை இங்கே அத்தை பார்த்துக்கொள்வார், நீங்களும் இருக்கிறீர்கள். அவளை விட்டுவிட்டுப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். நேற்று அவளுக்கு எதிரே உட்கார்ந்து, என்னோடு வந்துவிடு, அங்கே இரண்டு பேரும் இருக்கலாம் என்று கூப்பிட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தாள். "நான் வர..." என்றாள். அங்கே நின்றது. உதடு துடித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, சொல் வரவில்லை. நான் காத்திருந்தேன். உங்களைப் போலவே, அவசரப்படுத்தாமல்தான் காத்திருந்தேன். பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "சரிம்மா, உனக்கு எது வசதியோ அப்படியே செய்யலாம்" என்று எழுந்துவிட்டேன்.

வரல என்றுதான் சொல்ல வந்தாள். அம்மாவின் பேச்சு எனக்குத் தெரியாதா.